இருபத்திரண்டு டிகிரி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
சரக்கு வண்டிக்காக நிற்கிற கால்மணி நேரத்தில்தான்
தினமும் இது செத்துப்போகிறது என்றார் உத்திராபதி.
காலையில் ஒரே தொடுதலில் எழுந்துவிடுமாம்.
வெயில் ஏற ஏறத் திணறல்.
அணைத்துவிட்டால் அப்புறம் கும்பிட்டாலும் வராது.
கேட் திறந்ததும் பின்னால் நிற்கிற மினிபஸ்
அவர் வம்சத்தையே இழுத்து ஹாரன் அடிக்கும்.

மன்னார்குடியில் மூளையை மாற்றச் சொன்னார்கள்.
பதினோராயிரம்.
மூளை என்பது சீட்டுக்கு அடியில்
சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா.

பலகையில் அண்ணன் பெயர், ஸ்பேனர் என் கையில்.
சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்தேன்.
டேங்குக்குள் பம்ப் மூன்று விநாடி முனகி அடங்கியது.
சரி, பெட்ரோல் ஏறுகிறது.
மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது,
தன்மேல் குற்றம் ஏதுமில்லை என்று
வண்டியே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.
அதிலும் ஈரம்.
ஏர் பாக்ஸைத் திறந்தேன்.
வயலெலி ஒன்று குடித்தனம் நடத்திப் போயிருக்கிறது:
குதறிய பில்டர், ஒரு கை குறுவை உமி,
ஜவுளிக்கடை நோட்டீசில் பாதி, அதில்
'தள்ளுபடி' மட்டும் கடிபடாமல்.
கண்டுபிடித்தாயிற்று என்று டீ சொன்னேன்.
புது பில்டர் போட்டு, த்ராட்டில் பாடியைக் கழுவித் துடைத்து,
போய்ட்டு வாங்க என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

கேட்டிலிருந்து போன் வந்தது.
அவர் பேசியது கேட்கவில்லை.
மினிபஸ் நன்றாகக் கேட்டது.

தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார், சட்டை முதுகில் ஒட்டிப்போய்.
ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து
ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.
பெட்ரோலில் முங்கிய இன்ஜின்
கறுப்பாய் இருமிக்கொண்டு எழுந்தது.
தவணை முடியாத ஸ்கேனரைச் சொருகி
எண்களைப் பார்த்தேன்.
வேகம் சரி. காற்று சரி. பேட்டரி பதினாலு வோல்ட்.
இன்ஜெக்டர் நாலு மில்லி செகண்ட் திறக்கிறது,
ரெண்டு போதும் இதற்கு.
இன்ஜின் வெப்பம்: 22.

புரட்டாசி, பகல் பதினொன்றரை.
என் நெற்றியிலிருந்து சொட்டியது
சிலிண்டர் மேல் விழுந்து சுர்ரென்று போனது.
22.
கொடைக்கானலில் நிற்பதாக நினைப்பு இதற்கு.
நடுங்குகிறவனுக்குக் கஞ்சி ஊற்றுகிற மாதிரி
ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

வயர் சுத்தமாய் அறுந்திருந்தால்
நடக்காத ஒரு எண்ணைக் காட்டி மாட்டியிருக்கும்,
விளக்கும் எரிந்திருக்கும்.
இருபத்திரண்டு நடக்கக்கூடிய எண்.
மார்கழி விடிகாலையில் இங்கேயே உண்டு.

வெப்ப சென்சாரின் கப்ளரை உருவினேன்.
இரண்டு பின். ஒன்று பித்தளை நிறம்,
மற்றது பச்சை பூத்து, விபூதி போல் உதிர்ந்தது.
எங்கே நிறுத்துவீங்க வண்டியை?
மூணாறு தலைப்பிலே, ஷட்டருக்குப் பக்கத்துல.
லஸ்கர் அவர்.
ராத்திரியெல்லாம் சாரல் தெறிக்கிற இடம்.

உப்புத்தாளை ஊசிபோல் சுருட்டித் தேய்த்தேன்.
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்,
எங்க கேஜுலயும் பாசி ஏறிடும்மா, என்றார்.
கோடு தெரியாது. உத்தேசமா அரையடி கம்மியாச் சொல்லிடுவேன்.
ஆபீஸ்ல நம்பிடுவாங்க.
மேலேருந்து இன்னும் தெறந்து விடுவாங்க.
அப்புறம்?
அப்புறம் என்ன, கோட்டூர்ப் பக்கம் நாத்து முங்கும்.

கப்ளர் டக்கென்று உட்கார்ந்தது.
71 என்றது ஸ்கேனர். 84. 97.
நாலு மூன்றாகி இரண்டாகி,
சைலன்சர் முனையில் கறுப்பு மெலிந்தது.
அணைத்தேன். பத்து நிமிஷம் அப்படியே விட்டோம்,
சரக்கு வண்டி ஒன்று போகிற நேரம்.
பிறகு அவரையே அழுத்தச் சொன்னேன்.
ஒரே தொடுதல்.

முந்நூறு கொடுத்தார். பில்டர் காசு ஒண்ணாந்தேதி.
கிளம்பியவர் கால் ஊன்றித் திரும்பினார்,
அந்த உப்புத்தாள்ல மிச்சம் இருக்குமா?
முழுத்தாளாய்க் கொடுத்தேன்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.